முற்றத்தில் நிற்கும் பைக்குக்குக் கவரா, கூரையா?

"யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன், கராச் இல்லை, மோட்டார் சைக்கிள் இரவு பகலாக முற்றத்தில்தான் நிற்கிறது, எந்தக் கவர் வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கவருக்கு வைத்திருக்கும் காசை முதலில் கூரைக்குப் போடுங்கள். நான் இருப்பது நாவாந்துறைப் பக்கம், கடல் கூப்பிடு தூரம். என்னுடைய பைக்கும் வருசக்கணக்காக வெளியில்தான் நிற்கிறது. இங்கே பைக்கைத் தின்பது மழையில்லை. மழைத்தண்ணீர் கொட்டும், வழிந்து போகும், வெயில் வந்தால் காயும். உப்பும், காயாமல் தங்கி நிற்கிற ஈரமும்தான் தின்னும். சோளகம் வீசத் தொடங்கினால் பெற்றோல் ராங்கில் விரலை வைத்துப் பாருங்கள், பிசுபிசுக்கும். அது வெறும் புழுதி இல்லை. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். எங்களூர் இரவுகளில் அது சர்வசாதாரணம். மழையே இல்லாத ஆடி மாதத்திலும் இரும்பு கறள் கட்டுவது இதனால்தான்.

இதற்கு மேல் பிளாஸ்ரிக் கவரைப் போர்த்தி இறுக்கிக் கட்டினால் நிலத்து ஈரமெல்லாம் உள்ளே அடைபடும். பகலில் ஆவியாகும், இரவில் குளிர்ந்து திரும்பவும் இரும்பிலேயே படியும். நீத்துப்பெட்டியில் புட்டு அவிகிற மாதிரி பைக் உள்ளே அவியும். போதாக்குறைக்குக் காற்றில் கவர் படபடக்கும்போது அடியில் இருக்கும் மண் பெயின்றை அராவிவிடும்.

ஆகவே சாய்கூரையாக ஒரு பத்தி இறக்குங்கள். மதிலோரம் என்றால் வேலை பாதி: ஒரு பக்கம் மதில் தாங்கும், மற்றப் பக்கம் இரண்டு தூண், மேலே நாலைந்து சிலாகை, அதன்மேல் கிடுகு. பக்கங்களை அடைக்க வேண்டாம், காற்று ஓடட்டும். கிடுகு தகரம்போல் கொதிக்காது, அதனால் சீற்றும் ரயரும் வெடிக்காமல் கனகாலம் இருக்கும். என்ன, மாரிக்கு முன் மாற்றி வேய வேண்டும், கறையானையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கரைச்சல் வேண்டாம் என்றால் தகரம் போடலாம். ஆனால் நல்லாக இறுக்கிக் கட்டாத தகரம் கார்த்திகைப் புயலுக்குப் பறந்து பக்கத்து வளவில்தான் கிடக்கும். தூண் நாட்ட வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால் மதிலுக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு தறப்பாளைச் சரிவாக இழுத்துக் கட்டுங்கள். மாமரம் என்றால் பிசின் விழும், வேம்பு என்றால் காகம் இருக்கும். காக எச்சத்தை அன்றைக்கே நனைத்துத் துடைக்காவிட்டால் பெயின்றில் வடு விழுந்துவிடும். தென்னைக்குக் கீழே விடவேண்டாம் என்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இல்லை, கவர்தான் போடப்போகிறேன் என்றால், சரி, காற்றுப் போகிற துணிக் கவராக வாங்குங்கள். சைலன்சர் ஆறின பிறகு போடுங்கள். காலையில் கழற்றி உதறிக் காயவிடுங்கள்.

அடுத்தது கழுவுகிற தண்ணீர். இதை ஒருவரும் யோசிப்பதில்லை. கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர்த் தண்ணீர். அதால் கழுவினால் பழைய உப்பைக் கழற்றிவிட்டுப் புது உப்பைப் பூசுகிறோம், அவ்வளவுதான். கடலைவிட்டுத் தள்ளின பக்கத்து நல்ல தண்ணீர்க் கிணறுகளிலும் சுண்ணாம்பு அதிகம், துடைக்காமல் விட்டால் வெள்ளைப் புள்ளி விழும். மாரியில் பீலித் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழுவுவதைவிட நல்ல கழுவல் கிடையாது. பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய்வருகிற ஆள் என்றால் வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரால் அலசித் துடைத்துவிடுங்கள், சனிக்கிழமை வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம்.

துடைக்கும்போது முன் ஃபோர்க்கைக் கிட்டவாகப் பாருங்கள். பளபளக்கும் அந்த இரண்டு குழாய்களிலும் ஊசி குத்தின மாதிரிச் சின்னச் சின்னக் கறள் புள்ளிகள் இருக்கும். நகத்தால் வழித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் நகம் தட்டுப்படும். பள்ளத்தில் ஓடுகிற ஒவ்வொரு தரமும் அந்தப் புள்ளிகள் ஒயில் சீலின் விளிம்பை அறுக்கும். சீல் போனால் ஒயில் வழியும், வழிந்து முன் பிறேக்குக்கு இறங்கினால் பிறேக்கும் பிடிக்காது. குழாயையே மாற்றுவது பெரிய செலவு. இத்தனையும் வராமல் தடுக்கிற மருந்து என்ன என்றால், துணியில் இரண்டு துளி என்ஜின் ஒயில் விட்டுக் கிழமைக்கு ஒருதரம் அந்தக் குழாய்களைத் துடைப்பதுதான். பிறேக் டிஸ்க்கில் மட்டும் அந்தத் துணி படக்கூடாது. செயினுக்கு மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு கியர் ஒயில் விடுங்கள். பெற்றோலால் கழுவ வேண்டாம், ஓ-ரிங் உள்ள செயின் என்றால் ரப்பர் கெடும்.

மாரியில் முற்றத்து மண் இளகும். பக்க ஸ்ராண்ட் இரவிரவாகப் புதைந்து விடியற்காலையில் பைக் விழுந்து கிடக்கும். அடியில் ஒரு பலகையோ கொங்கிறீற் கல்லோ வையுங்கள். நடு ஸ்ராண்ட் இருந்தால் அதுதான் நல்லது, ரயருக்கும் பாரம் குறையும்.

கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய் மாதக்கணக்கில் விடுவதென்றால் கதை வேறு. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூ.ஆர். அட்டைக்குப் பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கொடுத்த காலத்தில், நின்றபடி கெட்ட பைக்குகளைக் கனக்கக் கண்டோம். காபரேற்றரில் தங்கின பெற்றோல் ஆவியாகிப் பசையை விட்டுவிடும், ஜெற் என்கிற சின்னத் துளை அடைபடும். ராங்குக்குக் கீழே இருக்கும் பெற்றோல் குழாயை மூடி, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் காபரேற்றர் காய்ந்துவிடும். ராங்கை நிரப்பி விடுங்கள், வெற்றிடம் இருந்தால் உள்ளே ஈரம் படிந்து கறள் கட்டும். பற்றறியின் நெகற்றிவ் வயரை முதலில் கழற்றிப் பற்றறியை வீட்டுக்குள் வையுங்கள். சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டும், சிவப்புத் துணி அடைத்துவிட்டு அதன் நுனியைத் தொங்கவிடுங்கள், எடுக்க மறக்கமாட்டீர்கள். எலி வயரைக் கடிக்கும், ஆகவே மாட்டுத் தீனி, நெல் மூட்டை இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் விடவே வேண்டாம்.

களவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய பைக்குக்கும் நல்ல விலை வந்தது, அதனால் சொல்கிறேன். ஹாண்டில் லொக்கை நம்பி இருக்காதீர்கள். பத்திக்கு நாட்டுகிற தூணில் ஒன்றை இரும்புக் குழாயாக எடுத்துக் கொங்கிறீற் போட்டு இறுக்குங்கள். பின் சில்லுக்கும் சட்டத்துக்கும் இடையால் சங்கிலியை விட்டு அந்தக் குழாயில் பூட்டலாம். பூட்டின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் இறங்கி அடுத்த மாரிக்குத் திறப்பு உள்ளே போகாது.