அக்காவிடம் கேளுங்கள்: கரீபியன் நிலையத்துக்குப் பிள்ளையை விடலாமா?

ஸ்காபரோவில் ஒரு கரீபியன் சமூக நிலையத்தில் பதினேழு வருடம் குடும்ப உதவியாளராக வேலை செய்தேன் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுவதும். மாமியார் பிரச்சினையும் வீட்டுக்கடன் பிரச்சினையும் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் ஒரு கரீபியன் நிலையம் ஜூலை, ஆகஸ்டில் சிறுவர் முகாம் நடத்துகிறது. கட்டணமும் குறைவு. மகனுக்கு 9 வயது. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். ஆனால் "அங்கை ஏன் விடுறியள், அது அவையின்ரை இடம்" என்கிறார்கள் தெரிந்தவர்கள். விடலாமா? (ஓர் அம்மா, மல்வேர்ன்)

விடலாம் தங்கச்சி. விடுவதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டுக்கொண்டு விடுங்கள், அதற்குக் கீழே வருகிறேன்.

ஊரில் சனசமூக நிலையம் என்று ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு பத்திரிகை மேசை, ஒரு கரம் போட், பின்வளவில் வொலிபோல் வலை. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யாருடைய பெடியன் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போடுகிறான் என்பதெல்லாம் அங்கேதான் முதலில் தெரியவரும். இவர்கள் நடத்துவதும் அதுதான், பெயர்ப்பலகைதான் வேறு. எங்கள் நிலையத்தில் ஒரு கோடைக்குப் பதிந்த பிள்ளைகளில் ஜமேக்கா, டிரினிடாட், கயானாக் குடும்பங்களுடையவர்கள் பாதிக்கு மேல். மிச்சம் தமிழ், பிலிப்பினோ, சோமாலி, ஆப்கான். ஒருவரையும் எந்தத் தீவு என்று கேட்டு உள்ளே விட்டதில்லை.

எட்டரைக்குக் கதவு திறப்போம். வந்தவுடன் காலைச் சாப்பாடு, எல்லாருக்கும். எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்தது என்று கேட்டால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் வராது. பிறகு ஒரு மணித்தியாலம் வாசிப்பும் கணக்கும். ஜூன் கடைசியில் பூட்டுகிற பள்ளிக்கூடம் செப்டம்பரில் தொழிலாளர் தினம் கழிந்துதான் திறக்கும். அதற்கிடையில் பெருக்கல் வாய்ப்பாடு காற்றில் போய்விடும். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் காத்திருக்கிற ஸ்டீல்பான் என்ற தகர வாத்தியம்.

இந்த ஸ்டீல்பானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் விடமாட்டேன். டிரினிடாட்டில் 1880களில் ஆங்கிலேய ஆட்சி தோல் மேளங்களுக்குத் தடை போட்டது. சனங்கள் மூங்கிலை வெட்டி நிலத்தில் குத்தித் தாளம் எடுத்தார்கள். அதற்கும் கெடுபிடி வர, பிஸ்கற் தகரம், குப்பை வாளி மூடி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தட்டினார்கள். கடைசியில் எண்ணெய்ப் பீப்பாயின் அடியைச் சுத்தியலால் குழியாக்கி, ஒவ்வொரு மேட்டிலும் ஒரு சுரம் பிறக்கும்படி செய்தது 1940களில். எங்கள் முகாமில் பான் பழக்கியவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. புதுப் பிள்ளை வந்தால் முதல் நாள் குச்சியைக் கொடுக்கமாட்டார். பீப்பாய்க்குள் தலையைக் குனிந்து வாயால் ஒரு சத்தம் போடச் சொல்வார். எந்த மேடு திருப்பிப் பாடுகிறது என்று கேட்கச் சொல்வார். என் மகனும் அப்படித்தான் தொடங்கினான். மிருதங்க வகுப்பில் வாய் திறக்காதவன்.

இனிக் கேட்கவேண்டியவை. பிள்ளைகளோடு நிற்பவர்கள் எல்லாருக்கும் பொலிஸ் சரிபார்ப்பு இருக்கிறதா? ஒரு பெரியவருக்கு எத்தனை பிள்ளைகள்? பின்னேரம் பிள்ளையைக் கூட்டிப்போக வருபவரின் அடையாள அட்டையைப் பார்க்கிறார்களா, அல்லது முகம் தெரிந்தால் விடுகிறார்களா? நீச்சல் நாளில் யார் தண்ணீருக்குள் இறங்கி நிற்பது? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடம் நல்ல இடம். முகம் சுளித்தால், அது தமிழ் நிலையமாக இருந்தாலும், வெளியே வந்துவிடுங்கள். பணம் கட்டினால் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். பகல் முகாமுக்குக் கட்டியதைப் பிள்ளைப் பராமரிப்புச் செலவாக வருமான வரியில் காட்டலாம்: 7 முதல் 16 வயதுவரை வருடத்துக்கு 5,000 டொலர் மட்டும், 7க்குக் கீழே என்றால் 8,000. பெரும்பாலும் இருவரில் வருமானம் குறைந்தவர்தான் அதைக் காட்டவேண்டும்.

இன்னொன்று. கறுப்பினத்தவரைக் குறிக்க எங்கள் வீடுகளில் புழங்குகிற சொல் ஒன்று இருக்கிறது, நான் இங்கே எழுதப்போவதில்லை. முகாமின் முதல் நாளே ஒரு தமிழ்ப் பெடியன் அதைச் சொன்னான். பக்கத்தில் நின்ற ஜமேக்கப் பிள்ளை "அப்படியென்றால் என்ன அன்ரி?" என்று என்னிடம் கேட்டது. நான் ஏதோ பொய் சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது. பிள்ளையை அனுப்ப முதல் அந்தச் சொல்லை வீட்டிலிருந்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: தமிழ் வகுப்பு, கோவில், பரதம் என்று ஏற்கெனவே நேரமில்லை. இதற்குள் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத கரீபியன் கலாசாரம் பிள்ளைக்கு எதற்கு? (ஒரு தகப்பன், மார்க்கம்)

சம்பந்தமே இல்லாத என்று எழுதிய இடத்தில் என் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன் அண்ணை.

எங்கள் நிலையத்துக்கு ஒரு கயானாப் பாட்டி வருவா, பெர்பீஸ் பக்கத்துக்காரி. என் மேசையில் கோவில் கலண்டர் ஒன்று கிடந்தது. அதைக் கண்டவுடன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றா. "மாரியம்மா" என்றா. ஒரு சொல் தமிழ் தெரியாது அவவுக்கு. பூசைக்கு அடிக்கிற மேளத்தின் பெயர் என்ன என்று கேட்டேன். "தப்பு" என்றா.

கயானாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து 1838இல் போய்ச் சேர்ந்தவை. பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்களை ஏற்றினார்கள். அப்படிப் போனவர்களை இன்றும் அங்கே மதராசி என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலேயர் ஆண்ட இடங்களோடு முடியவில்லை. பிரெஞ்சுக்காரர் பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றிய கூலிகள் 1853இல் மார்த்தினிக்கிலும் அடுத்த வருடம் குவாதலூப்பிலும் இறங்கினார்கள். அந்தத் தீவுகளில் அம்மனுக்குப் பெயர் மாலியெமன். அங்கே இறைச்சிக்குப் போடுகிற கறித்தூளுக்கும் அந்தக் கறிக்கும் பெயர் கொலொம்போ. குழம்பு என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார் சிலர், கொழும்பிலிருந்து வந்தது என்பார் சிலர். எதுவானாலும் எங்களைத் தாண்டிப் போகவில்லை. திருவிழா நாட்களில் அந்தப் பெண்கள் தலையில் கட்டுகிற கட்டம் போட்ட துணிக்கு மதராஸ் என்று பெயர். தாத்தாவின் சாரம், அண்ணை.

இங்கே கனடாவில் கதை வேறு மாதிரி. 1955இல் ஜமேக்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் வீட்டு வேலைக்கென்று இளம்பெண்களைக் கனடிய அரசு எடுத்தது. கலியாணமாகாதவர்களாக இருக்கவேண்டும், ஒரு வருடம் வீட்டு வேலை செய்தால் நிரந்தரமாக இருக்கலாம் என்ற நிபந்தனையோடு. அவர்களில் ஆசிரியைகளாக இருந்தவர்களும் உண்டு. ஜமேக்கா விடுதலை பெற்ற 1962இலேயே ஜமேக்கன் கனேடியன் அசோசியேஷன் ரொறன்ரோவில் தொடங்கிவிட்டது. 1967இல் கனடாவின் நூற்றாண்டுக்குப் பரிசாக இந்தச் சமூகம் கொடுத்ததுதான் கரிபானா என்ற கார்னிவல் ஊர்வலம். ஒரு முறைக்கென்று செய்தது, இன்னும் நிற்கவில்லை. நாங்கள் 83க்குப் பிறகு வந்து இறங்கியபோது, வாடகை வீடு தரமாட்டேன் என்று சொல்லும் வீட்டுக்காரனோடு எப்படிக் கதைப்பது என்பதை எங்களுக்கு முன்னே பழகி வைத்திருந்தவர்கள் அவர்கள்.

தமிழ் வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அது சனிக்கிழமை. முகாம் கிழமை நாளில்.

கேள்வி: கணவர் பிரிந்து எட்டு மாதம். இரண்டு பிள்ளைகள். "குடும்ப உதவி" என்று அந்த நிலையத்தின் துண்டுப் பிரசுரத்தில் இருக்கிறது. தமிழருக்கும் செய்வார்களா? என் கதையைச் சொன்னால் பிள்ளைகளை அரசாங்கம் எடுத்துவிடுமா? (பெயர் வேண்டாம்)

செய்வார்கள். அது என் வேலையாகவே இருந்தது.

பயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல், பராமரிப்பின்மை என்று நியாயமான சந்தேகம் வந்தால் சிறுவர் உதவிச் சங்கத்துக்கு அறிவிக்கவேண்டும் என்பது ஒன்ராரியோச் சட்டம். இந்த நிலையம் மட்டுமல்ல, பள்ளிக்கூடம், டொக்டர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாருக்கும் அது பொருந்தும். ஆனால் புருஷன் விட்டுப்போனது குற்றமல்ல. காசில்லாதது குற்றமல்ல. "இந்த மாதம் வாடகைக்கு முட்டுப்பாடு" என்று நீங்கள் சொன்னால் அவர்கள் எடுப்பது விண்ணப்பப் படிவம்.

போகும்போது வருமான வரிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் ஒரு பையில் கொண்டுபோங்கள். பிரிந்ததை வருமான வரித் திணைக்களத்துக்கு அறிவித்தீர்களா? பெரும்பாலானோர் வெட்கத்தில் அறிவிப்பதில்லை. 90 நாள் பிரிந்திருந்தால் அறிவிக்கலாம்; அரசாங்கம் தருகிற பிள்ளைப் பணத்தை உங்கள் ஒருவரின் வருமானத்தை வைத்து மீண்டும் கணக்கிடுவார்கள், தொகை கூடலாம். உங்களுக்கு வருமானமே இல்லாவிட்டாலும் வருடாவருடம் வரிப் படிவம் போடவேண்டும். போடாவிட்டால் அந்தப் பணம் நின்றுவிடும். வேறு என்ன உதவி எங்கே என்று தெரியாவிட்டால் 211ஐ அழையுங்கள், தமிழிலும் கதைக்க ஆள் கேட்கலாம்.

எங்கள் நிலையத்தில் வியாழன் இரவுகளில் தாய்மார் கூடுவார்கள். முதல் நாள் அங்கே உட்கார்ந்தபோது ஒரு ஜமேக்கத் தாய் கதைத்தா. மகளை ஊரில் அம்மம்மாவிடம் விட்டுவிட்டு வந்து, எட்டு வருடம் பீப்பாய் பீப்பாயாக உடுப்பும் சாமானும் அனுப்பி, 14 வயதில் கூப்பிட்டு எடுத்தாவாம். விமான நிலையத்தில் பிள்ளை "மிஸ்" என்று கூப்பிட்டதாம். அப்படி வளர்ந்தவர்களைப் பீப்பாய்ப் பிள்ளைகள் என்றே அங்கே சொல்வார்கள். ஸ்பொன்சருக்குக் காத்துக் காத்துத் தகப்பனை முதல்முறை பியர்சன் விமான நிலையத்தில் கண்ட எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

அந்தத் தாய்மார் காசு சேர்க்கிற முறையையும் கேட்டுப்பாருங்கள். ஜமேக்கர் "பாட்னர்" என்பார்கள், டிரினிடாட்காரர் "சூசூ", கயானாவில் "பொக்ஸ் ஹாண்ட்". எல்லாம் எங்கள் சீட்டுத்தான், கழிவு இல்லாமல்.

கேள்வி: எனக்கு 16 வயது. பள்ளிக்கூடத்துக்கு 40 மணித்தியாலத் தொண்டு தேவை. அங்கே செய்யலாமா? சம்பளத்துக்கும் எடுப்பார்களா? (ஒரு மாணவி)

செய்யலாம். தொடங்க முதல் உங்கள் பள்ளிக்கூடத்துப் படிவத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். முடிந்த பிறகு கையெழுத்துக்கு அலையாதீர்கள். சம்பளத்துக்கு என்றால் மத்திய அரசின் கனடா கோடை வேலைத் திட்டம் இருக்கிறது, 15 முதல் 30 வயதுவரை. இப்படியான நிலையங்கள் அதில்தான் முகாம் உதவியாளர்களை எடுக்கும். ஜூனில் போய்க் கேட்டால் இடம் இருக்காது, மார்ச்சிலேயே பெயரைக் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: போன வருடம் முகாமுக்குப் போன மகள் இப்போது "வா குவான்" என்கிறாள். இந்த வருடம் சிறுவர் கார்னிவலில் இறகு கட்டி ஆடப்போகிறாளாம். என்ன செய்ய? (கவலையுள்ள தாய், ஏஜக்ஸ்)

"எப்படி இருக்கிறீங்கள்" என்றுதானே கேட்கிறாள், பதில் சொல்லுங்கள்.

பெரியவர்களின் ஊர்வலத்தை ரீவியில் பார்த்துவிட்டுப் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சிறுவர் ஊர்வலம் வேறு நாள், உடுப்பும் வேறு. அந்த உடுப்பைப் பிள்ளைகளே செய்வார்கள்: கம்பி வளைத்து, பஞ்சுத் தகடு வெட்டி, பசை ஒட்டி, இறகு குத்தி. வடிவாக இருக்கும். மொக்கோ ஜம்பி என்று உயரக் கட்டையில் நடப்பவர்களையும் காண்பீர்கள், ஊர்ப் பொய்க்கால் ஆட்டம்போல. பாட்டு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், எனக்கும் எல்லாம் பிடிக்காது. ஆனால் அந்த ஊர்வலத்தில் போடுகிற சோக்கா என்ற இசை 1970களில் பிறந்தபோது அதற்குள் டோலக்கைக் கலந்தது டிரினிடாட்டில் கலிப்சோ என்ற பாட்டு வகையைப் பாடிய ராஸ் ஷோட்டி ஐ என்பவர். கவனித்துக் கேட்டால் கால் உங்களைக் கேட்காமல் ஆடும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த முகாமுக்குப் போன பிள்ளை அறைக்குள் நுழைந்தவுடன் இருக்கிற எல்லாருக்கும் காலை வணக்கம் சொல்லும். சொல்லாமல் நுழைந்தால் அங்கத்தைய பாட்டிமார் திருப்பி வெளியே அனுப்பி மறுபடி வரச்சொல்வார்கள். என்னையே ஒருமுறை அனுப்பினார்கள். ஏதோ அவசரமாகக் கோப்பு எடுக்க ஓடியிருந்தேன்.

கேள்வி: நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (ஒரு வாசகி, பிராம்டன்)

பதியும் படிவத்திலேயே எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள். ஜமேக்காவில் தோன்றிய ராஸ்தாபாரிச் சமயத்துக் குடும்பப் பிள்ளைகளிலும் பலர் இறைச்சி சாப்பிடாதவர்கள் என்பதால் சமையற்கட்டுக்கு இது புதிதல்ல. டபிள்ஸ் என்று ஒன்று தருவார்கள்: பொரித்த இரண்டு மெல்லிய மாவுத் தட்டுக்குள் கடலைக் கறி. பிள்ளைக்கு நிச்சயம் பிடிக்கும். உறைப்பு மட்டும் "கொஞ்சம்" என்று சொல்லிவையுங்கள். அவர்களுடைய மிளகாய்க்கு முன்னால் எங்கள் யாழ்ப்பாணத்துத் தூள் சீனி.