கைகழுவு: எப்போது மரபுத்தொடர்?

வணக்கம். ‘கைகழுவு’ என்ற மரபுத்தொடருக்கு (நேர்ப்பொருளை விட்டு வேறு பொருள் தரும் தொடர்) உங்கள் மகள் ‘சாப்பிடும் முன் கைகழுவினேன்’ என்று எழுதி மதிப்பெண் போனதாகச் சொல்லியிருந்தீர்கள். வாக்கியத்தில் பிழையே இல்லை. ஆனால் அங்கே கை கைதான், கழுவுதல் கழுவுதல்தான். அதனால் மரபுத்தொடர் ஆகவில்லை. ‘நண்பனைக் கைகழுவிவிட்டான்’ என்றால் தண்ணீருக்கே வேலையில்லை. அவனை அப்படியே விட்டுவிட்டான் என்று பொருள்.

‘ஐ’ உருபு எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ‘கையைக் கழுவினான்’ என்றால் கையோடு; மரபுத்தொடரில் நண்பனோடு. எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இதுதான்.

அப்புறம், சொல்லை மாற்றிப் பார்க்கலாம். ‘கம்பி நீட்டினான்’ என்பதில் கம்பிக்குப் பதில் குச்சியைப் போட்டால், ‘நழுவி ஓடினான்’ என்ற பொருள் காணாமல் போய்விடும். ‘குயில் கூவும்’ என்பதுபோல, இதற்கு இந்தச் சொல் என்று வழிவழியாக வழங்கும் மரபுச்சொற்கள் வேறு. அங்கே கூவுதல் நேர்ப்பொருளிலேயே வருகிறது.