மருத்துவர் பதில்: மகனின் விடுமுறைக்குள் இம்பிளான்ட் பொருத்தி முடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. வெள்ளவத்தையில் வசிக்கிறேன். கீழ்த்தாடையின் வலப்பக்கத்துக் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களையும் மூன்று வருடங்களுக்கு முன் பிடுங்கிவிட்டார்கள். கழற்றிப் பூட்டும் கட்டுப்பல் ஆடிக்கொண்டே இருந்ததால் அதை அணிவதை விட்டுவிட்டேன். கனடாவிலிருந்து மகன் ஓகஸ்டில் ஒரு மாத விடுமுறையில் வருகிறான். தாடை எலும்பில் திருகு பொருத்தி அதன்மேல் பல் வைக்கும் இம்பிளான்ட் சிகிச்சையைத் தான் நிற்கும்போதே செய்து முடித்துவிடலாம் என்கிறான். எனக்குப் பத்து வருடமாக நீரிழிவு இருப்பதால் இது சரிவராது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். எலும்பு மெலிவுக்கு ஐந்து வருடமாக வாரம் ஒரு மாத்திரையும் எடுக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் நீரிழிவை எண்ணி அஞ்சுகிறீர்கள். எனக்கோ நீங்கள் போகிற போக்கில் கடைசியாகக் குறிப்பிட்ட அந்த வார மாத்திரைதான் முதலில் பேசவேண்டியதாகப் படுகிறது. எலும்பு மெலிவுக்கு வாரமொருமுறை கொடுக்கப்படுவது பெரும்பாலும் அலென்ட்ரோனேட் என்ற மருந்தாகும். பழைய எலும்பை அரித்தெடுக்கும் கலங்களின் வேகத்தை இது குறைப்பதால் இடுப்பும் முதுகெலும்பும் முறியாமல் காக்கப்படுகின்றன. ஆனால் தாடையில் துளையிட்ட இடம் ஆறுவதற்கு, பழைய எலும்பு கரைந்து புதியது உருவாகும் அதே வேலை நடந்தாக வேண்டும். அது மந்தமாகும்போது, மிகச் சிலருக்கு முரசு மூடாமல் தாடை எலும்பு வெளியே தெரிந்து, அந்தப் பகுதி உயிரிழந்துபோவதுண்டு. மாத்திரையாக எடுப்பவர்களிடம் இது அரிது. எனினும் வருடங்கள் கூடக்கூடவும், ஸ்டீரொயிட் மருந்துகள் சேரும்போதும் வாய்ப்புக் கூடுகிறது. புற்றுநோய்க்காக இவ்வகை மருந்தை அதிக அளவில் ஊசியாகப் பெறுபவர்களுக்கு இம்பிளான்ட்டைப் பொதுவாகத் தவிர்த்துவிடுவோம். உங்கள் நிலை அதுவல்ல.

ஆகவே மாத்திரை அட்டையையே கையில் எடுத்துச் சென்று பல் வைத்தியரிடம் காட்டுங்கள். அதை எழுதிக்கொடுத்த வைத்தியரிடம் ஒரு கடிதமும் பெற்றுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த மருந்து எலும்பில் வருடக்கணக்கில் தங்கியிருப்பதால், இரண்டு வாரம் நிறுத்துவதால் தாடைக்கு எந்த நன்மையும் கிடைக்காது.

நீரிழிவைப் பொறுத்தவரை உங்கள் அயலவர் சொல்வது முழுவதும் சரியல்ல. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை 7 சதவீத அளவில் இருந்தால் நீரிழிவு ஒரு தடையாக இருப்பதில்லை. 8 ஐத் தாண்டியிருந்தால் முதலில் அதைக் குறைத்துவிட்டு வரும்படி சொல்வேன், ஏனெனில் புண் ஆறுவது தாமதித்து, கிருமித்தொற்றும் எளிதில் பிடித்துக்கொள்ளும். மற்றப் பற்களைச் சுற்றி முரசு வீங்கி இரத்தம் கசிந்தால், அதையும் முன்கூட்டியே குணப்படுத்த வேண்டும்.

மகனின் ஒரு மாதத்துக்கு வருவோம். 1952 இல் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர் பிரேனேமார்க், முயலின் கால் எலும்பில் பொருத்திய டைட்டேனியக் கருவியைத் திரும்ப எடுக்க முயன்றபோது, எலும்பு அதனுடன் இறுக ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். 1965 இல் முதல் நோயாளிக்கு அம்முறையில் பல் பொருத்தினார். இன்றைய சிகிச்சையும் அந்த ஒட்டுதலையே நம்பியிருக்கிறது. அது உறுதிப்படக் கீழ்த்தாடையில் ஏறக்குறைய மூன்று மாதங்களும் மேல்தாடையில் அதைவிடக் கூடுதலான காலமும் தேவைப்படும். எலும்பு வைத்துக் கட்டவேண்டி வந்தால் இன்னும் நீளும். எனவே மகன் நிற்கும்போது பரிசோதனையும் ஸ்கானும், எல்லாம் ஒழுங்காக இருந்தால் திருகு பொருத்துவதும் நடக்கலாம். மேலே பல் ஏறுவது அவர் திரும்பிப் போன பின்னர்தான். ஒரே நாளில் பல் பொருத்தும் முறையும் உண்டு. முன்பற்களிலோ, பல திருகுகள் சேர்ந்து பாரத்தைப் பகிரும் முழுத்தாடைச் சிகிச்சையிலோ, தெரிவுசெய்த சிலருக்கு அதைச் செய்கிறார்கள். மெல்லும் விசை முழுவதும் விழும் கடைவாயில், நீங்கள் சொல்லும் உடல்நிலையில், நான் அதற்கு உடன்படமாட்டேன்.

பல் பிடுங்கிய முதலாவது வருடத்திலேயே எலும்பின் அகலம் பெருமளவு குறைந்துவிடும். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு உதட்டுக்கும் நாடிக்கும் உணர்வைத் தருவது. திருகு அதைத் தொட்டால் பாதி உதடு மரத்தே கிடக்கக்கூடும். எனவே முப்பரிமாண ஸ்கான் எடுத்து, நரம்புக்கு மேல் எத்தனை மில்லிமீற்றர் எலும்பு எஞ்சியிருக்கிறது என்று கேளுங்கள். வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம்: கண்ணாடி முன் நின்று பற்களைக் கடித்துக் கன்னத்தை ஒதுக்கிப் பாருங்கள். வெற்றிடத்துக்கு நேர்மேலே உள்ள பல் பக்கத்துப் பல்லைவிடக் கீழே இறங்கியிருந்தால், புதிய பல்லுக்குப் போதிய உயரம் கிடைக்காமல் போகலாம்.

பின்னால் பல் இல்லாததால், இருபக்கப் பற்களையும் பிடிமானமாகக் கொண்டு நடுவில் பல் வைக்கும் வழக்கமான பாலம் கட்ட இயலாது. ஆனால் ஆடிய கட்டுப்பல் வெறும் அக்ரிலிக் ஆனதாக இருந்தால், உலோகச் சட்டத்தில் செய்வது வாயில் நன்றாக நிற்கக்கூடும். எலும்பைத் தொடாத வழி என்பதால் உங்களுக்கு அதை முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன். முன்கடைவாய்ப் பற்கள் வரை உறுதியாக இருந்து, சாப்பிடச் சிரமமில்லையென்றால், ஒன்றும் செய்யாமல் விடுவதும் பிழையான முடிவல்ல. இதைப் பல கிளினிக்குகளில் சொல்லமாட்டார்கள்.

இம்பிளான்ட்டுக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றியுள்ள முரசும் எலும்பும் நோயுறக்கூடும், பெரும்பாலும் வலியே இல்லாமல். பல்லிடைத் தூரிகையால் தினமும் துப்புரவு செய்வதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவதும் ஆயுள்காலக் கடமைகள். வெற்றிலை போடும் பழக்கமிருந்தால் கட்டாயம் விடவேண்டும். அது இம்பிளான்ட்டுக்காக மட்டும் சொல்வதல்ல.

கொழும்பில் ஆலோசனைக்கு வோட் பிளேசிலுள்ள தேசிய பல் வைத்தியசாலையை நாடலாம். தனியாரிடம் போனால் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். ஸ்கான், திருகு, அதன்மேல் வைக்கும் பல், எலும்பு வைப்பது என ஒவ்வொன்றின் செலவையும் பிரித்து எழுத்தில் கேளுங்கள். பொருத்திய திருகின் தயாரிப்பாளர் பெயரும் அளவும் உள்ள அட்டையையும் கேட்டு வாங்குங்கள். நாளை மகனிடம் போய் இருக்கும்போது திருகின் மேலுள்ள பல் தளர்ந்தால், அதற்குரிய உதிரிப்பாகத்தைத் தேடிப்பிடிக்க அங்குள்ள பல் வைத்தியருக்கு அந்த அட்டை தேவைப்படும்.