ஒரு கண்ணுக்கு வெள்ளை, மறு கண்ணுக்குப் பழுப்பு: கண் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் வலது கண்ணில் புரை ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்போது அந்தக் கண்ணுக்கு எல்லாம் லேசாக நீலம் போட்டு அலசினாற்போல் தெரிகிறது. ஆபரேஷன் ஆகாத இடது கண்ணுக்கு அதே சுவர் பழுப்பாக இருக்கிறது. ஏதும் கோளாறா? (வாசகர், வயது 67, திண்டுக்கல்)

கோளாறு இல்லை. வலது கண் காட்டுவதுதான் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். வயது ஏற ஏற மஞ்சளாகும், பிறகு தேன் நிறத்துக்கு வரும். புரை முற்றினால் பழுப்பாகிவிடும். அப்படிப்பட்ட லென்ஸ் நீலத்தையும் ஊதாவையும் வடிகட்டி நிறுத்திவிடும். வருஷக்கணக்கில் மெல்ல நடப்பதால் மூளையும் கூடவே ஈடுகட்டிக்கொண்டு வரும். அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை. இப்போது அதை எடுத்துவிட்டு, சுமார் 6 மி.மீ. அகலச் செயற்கை லென்ஸ் வைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் வெளியே நின்ற நீலம் மொத்தமாக உள்ளே வருகிறது. மூளை இதற்குப் பழகச் சில வாரங்கள் ஆகும், சிலருக்குச் சில மாதங்கள். பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1923இல் ஒரு கண்ணில் புரை நீக்கிக்கொண்டபோது, எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று அவரும் குறைப்பட்டிருக்கிறார். மஞ்சள் சாயம் கலந்த லென்ஸ் வைத்தவர்களுக்கு இந்த வித்தியாசம் குறைவு.

இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டால் இப்படி ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. ஆகவே இந்த நாட்களை விட்டுவிடாதீர்கள். காலையில் நேர்வெயில் படாத திண்ணையில் துவைத்த வெள்ளை வேட்டியை விரித்து, மேலே நாலு சங்குப்பூவைப் போடுங்கள். உள்ளங்கையைக் குழித்து, கண்ணில் படாமல், மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். இடது கண்ணுக்கு மங்கிக் கிடக்கும் பூ, வலது கண்ணுக்கு நீலமாய் எழுந்து நிற்கும். டியூப்லைட்டில் பார்த்தால் இவ்வளவு தெளிவாக இருக்காது.

வலி, சிவப்பு, பார்வை திடீரென மங்குவது ஆகியவை மட்டும் வேறு விஷயம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நீல வானத்தை அண்ணாந்து பார்த்தால் பளிச்சென்ற குட்டிப் புள்ளிகள் நெளிந்து ஓடுகின்றன. என்ன அது? (மாணவி, நாகர்கோவில்)

உங்கள் ரத்தத்தின் வெள்ளையணுக்கள் போகும் வழியைத்தான் பார்க்கிறீர்கள். விழித்திரையின் முன்பக்கம் நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் நிறைந்திருக்கும் சிவப்பணுக்கள் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், வெள்ளையணு விட்டுவிடும். அது கடக்கும் இடம் ஒரு கணம் வெளிச்சப் புள்ளியாகத் தெரிகிறது. கவனித்தால் நாடித்துடிப்போடு சேர்ந்து வேகம் கூடிக் குறைவது தெரியும். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் பார்க்காதீர்கள்.

கண்ணைத் திருப்பும்போது கூடவே மிதந்து வரும் சாம்பல் நூல்கள் வேறு. பெரும்பாலும் தொல்லை இல்லாதவை. ஆனால் அவை திடீரெனக் கொத்தாக வந்தாலோ, கண்ணுக்குள் மின்னல் வெட்டினாற்போல் தெரிந்தாலோ, ஓரத்தில் திரை இறங்கினாலோ விழித்திரை கிழிந்திருக்கலாம். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப் போடக்கூடாது.

மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடுகிறது, பார்வையை விலக்கினால் தெரிகிறது. ஏன்? (வாசகர், தென்காசி)

விழித்திரையின் நட்டநடுவில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் மட்டும்தான். அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். இருட்டில் வேலை செய்யும் கோல் செல்கள் நடுவில் கிடையாது, சுற்றிலும்தான் நிறைந்திருக்கின்றன. அதனால் மங்கல் நட்சத்திரத்தை ஓரப்பார்வையால் பிடிக்க வேண்டும்.

கார்த்திகை மாதம் இருட்டியதும் கிழக்கே கார்த்திகை நட்சத்திரமான அறுமீன் கூட்டம் ஏறும், பழக அதுவே நல்லது. முதலில் 20–30 நிமிஷம் இருட்டில் இருங்கள். வெளிச்சம் பட்டு வெளுத்துப்போன கோல் செல்களின் நிறமி திரும்ப ஊற அவ்வளவு நேரம் பிடிக்கும். பெரும்பாலும் கெடுப்பது செல்போன்தான். ஒருமுறை மணி பார்த்தாலே காத்திருந்தது வீண். டார்ச் தேவையென்றால் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு, நீட்டிய கையில் மடக்கிய முஷ்டியின் அகலம் தள்ளிப் பார்வையை வைத்து, கவனத்தை மட்டும் அறுமீனில் வையுங்கள்.

கூம்பு செல்களிலிருந்து கோல் செல்களுக்குப் பார்வை மாறுவதைச் செம்பருத்திச் செடியிலும் பார்க்கலாம். அந்தி நேரத்தில் விளக்குப் போடாமல் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் பூ கறுக்கும், இலை இன்னும் வெளிறித் தெரியும். கோல் செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது, அதுதான் காரணம். அந்த நேரத்தில் வீட்டுக் குழந்தை மட்டும் தட்டுத் தடுமாறினால் மாலைக்கண்ணாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

எட்டாம் வகுப்புக்குக் குருட்டுப் புள்ளியைச் செய்து காட்டினேன். பாதிப் பேருக்கு வரவில்லை. (ஆசிரியை, விழுப்புரம்)

வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறி, 8 செ.மீ. தள்ளி வலப்பக்கம் 1 செ.மீ. கரும்புள்ளி. இடது கண்ணை மூடி, வலது கண்ணால் குறியை மட்டும் பார்த்தபடி தாளைக் கை நீளத்திலிருந்து மெல்ல முகத்தருகே கொண்டுவர வேண்டும். 30 செ.மீ. சுமாரில் புள்ளி காணாமல் போகும். அப்போது புள்ளியின் பிம்பம் விழித்திரையில் கண் நரம்பு வெளியேறும் இடத்தில் விழுகிறது, அங்கே ஒளியை உணரும் செல்லே இல்லை.

வராததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பிள்ளைகள் புள்ளி மறைகிறதா என்று புள்ளியையே பார்த்துவிடுவார்கள். தாளைச் சாய்த்துப் பிடிப்பதும், சட்டென்று இழுப்பதும் மற்றவை. வந்த பிறகு புள்ளியின் இருபுறமும் ஒட்டிக் கோடு போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். புள்ளி மறையும், கோடு மட்டும் அறுபடாமல் ஓடும். அந்த நடுத்துண்டு மூளை போட்டது.

என் பாட்டி கண் தானம் செய்ய விரும்புகிறார். சர்க்கரை உண்டு, புரை ஆபரேஷனும் ஆகியிருக்கிறது. எடுப்பார்களா? (வாசகி, தஞ்சாவூர்)

எடுப்பார்கள். மற்றவருக்குப் பொருத்துவது கருவிழியை, அரை மில்லிமீட்டர் சுமார் தடிமனுள்ள தெளிந்த முன்பகுதி. புரை வருவது அதற்குப் பின்னால் இருக்கும் லென்ஸில். வெறிநாய்க்கடி, எச்.ஐ.வி., ரத்தத்தில் கிருமி பரவியது போன்றவற்றால் இறந்தவர்களிடம் எடுப்பதில்லை.

உயிர் பிரிந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். உடனே இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலையணையால் தலையைச் சற்று உயர்த்திவிட்டு, ஃபேனை நிறுத்துங்கள், காற்றில் கருவிழி காய்ந்துவிடும். குழு வீட்டுக்கே வரும், 20 நிமிஷ வேலை, முகம் விகாரப்படாது. பாட்டி எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த நேரத்தில் சம்மதக் கையெழுத்துப் போடுவது குடும்பத்தார்தான். ஆகவே மாமா, சித்தி எல்லோருக்கும் இப்போதே சொல்லி, கண் வங்கியின் எண்ணை எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள்.