வாத்தியார் பதில்கள்

கே: பிப்ரவரி 28-ஐ அறிவியல் நாள் என்று எங்கள் பள்ளியில் கொண்டாடுகிறோம். அது சர் சி.வி. ராமனின் பிறந்த நாளா?
– பள்ளத்தூர் மாணவி

ப: இல்லை அம்மா. ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7, திருச்சியில். பிப்ரவரி 28 அவருடைய கண்டுபிடிப்பின் நாள். ஒரே நிற ஒளியைத் திரவத்துக்குள் விட்டால், சிதறி வருவதில் பெரும்பகுதி அதே நிறத்தில்தான் இருக்கும். கொஞ்சூண்டு மட்டும் நிறம் மாறி வரும். கல்கத்தாவில் அந்தக் கொஞ்சூண்டைத்தான் 1928-ல் பிடித்தார்கள். கூட இருந்து உழைத்தவர் கே.எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்புக்காரர்.

ஒரு வேடிக்கை. 'நேச்சர்' இதழுக்கு அவர்கள் அனுப்பிய முதல் குறிப்பில் இருக்கும் தேதி பிப்ரவரி 16. அதாவது, 12 நாள் முன்னாலேயே விஷயம் கையில் இருக்கிறது! அப்புறம் ஏன் 28? ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைகாட்டி வழியாகப் பார்த்தபோது, மாறிய நிறம் தனியாகப் பிரிந்து நின்றது அன்றைக்குத்தான். நம் பக்கத்தில் கல்யாணம் என்றைக்கு என்று கேட்டால், பெண் பார்த்த நாளையா சொல்கிறோம்? இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதிய நாளைத்தானே சொல்கிறோம். 2028-ல் இதற்கு நூறு ஆண்டு. தலைமையாசிரியர் காதில் இப்போதே போட்டு வையுங்கள்.

கே: நியூட்டன் பிறந்தது ஒரு புத்தகத்தில் 1642 டிசம்பர் 25, இன்னொன்றில் 1643 ஜனவரி 4. எது சரி?
– தேவகோட்டை வாசகர்

ப: இரண்டும் சரி. இங்கிலாந்து அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. இத்தாலி போன்ற நாடுகள் கிரிகோரியனுக்கு மாறிவிட்டன. இடையில் பத்து நாள் வித்தியாசம். கடைசியில் 1752-ல், அதற்குள் பதினொரு நாளாகிவிட்ட வித்தியாசத்துக்காக, செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று வைத்து இங்கிலாந்து கணக்கைச் சரிக்கட்டியது. கலிலியோ இறந்த வருஷமே நியூட்டன் பிறந்தார் என்று மேடையில் சொல்வார்கள். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 புதுக் கணக்கு, நியூட்டனின் டிசம்பர் 25 பழைய கணக்கு. ஒரே கணக்கில் வைத்தால் வருஷம் ஒட்டாது. எங்கள் அம்மாவுக்கு ஆதாரில் ஜூலை 1. வீட்டில் பாயசம் வைப்பது ஆடிப்பூரத்தன்று.

கே: ரைட் சகோதரர்களின் முதல் விமானம் எவ்வளவு தூரம் பறந்தது?
– கானாடுகாத்தான் வாசகி

ப: 1903 டிசம்பர் 17. முதல் தடவை 12 வினாடி, 120 அடி. உங்கள் ஊரில் சில வீடுகளில் முகப்பில் ஏறிப் பின்தெருவில் இறங்கினால் அதைவிடக் கூடுதல் தூரம் வரும், ஆச்சி.

கே: காரைக்குடிக்கென்று ஓர் அறிவியல் நாள் சொல்லுங்களேன்.
– காரைக்குடி வாசகர்

ப: எல்லாரும் ஜூலை 25 என்பார்கள். 1948-ல் அன்றைக்குத்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு, அதாவது நம் சிக்ரிக்கு, நேரு அடிக்கல் நாட்டினார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

என்னைக் கேட்டால் மார்ச் 20 என்பேன். என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. தேதி போடாத சீட்டைப் பெட்டகத்துக்குள் விடமாட்டார். அந்தப் புத்தி எனக்கும் உண்டு. 1800 மார்ச் 20 என்று தேதி போட்டு, இத்தாலியின் கோமோ ஊரிலிருந்து வோல்டா என்ற விஞ்ஞானி, லண்டனில் உள்ள ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். வெள்ளி வில்லை, துத்தநாக வில்லை, உப்புநீரில் ஊறிய அட்டை, மறுபடி வெள்ளி என்று அடுக்கிக்கொண்டே போனால் மின்சாரம் விடாமல் வருகிறது என்ற சேதி. முதல் பேட்டரி அதுதான். சொசைட்டியில் அந்தக் கடிதத்தை வாசித்தது ஜூன் 26-ல். அது சபையேறுமுன்பே சேதி கசிந்து, நிக்கல்சன், கார்லைல் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் லண்டனிலேயே ஓர் அடுக்குச் செய்து, மே 2-ல் கம்பிகளைத் தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டார்கள். ஒரு முனையில் ஹைட்ரஜன் குமிழ்! சிக்ரியின் மின்வேதியியல் பிறந்த கதை இதுதான்.

ஒரு மார்ச் 20 அன்று வகுப்பில் நானும் அடுக்கினேன். அப்பா வைத்திருந்த செப்புக் காலணா இருபது, பழைய டார்ச் பேட்டரியை வெட்டி எடுத்த துத்தநாகத் தகடு, உப்புநீரில் ஊறவைத்த கல்யாணப் பத்திரிகை அட்டை. தலைமையாசிரியரையும் அழைத்திருந்தேன். பல்பு எரியவில்லை. அடுக்கின் கனமே அட்டையைப் பிழிந்து, உப்புநீர் பக்கவாட்டில் வழிந்து, வில்லைகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டது. வோல்டா காலத்து அடுக்குகளுக்கும் இதே தொல்லைதான். குரூயிக்ஷாங்க் என்பவர் மரப்பெட்டியில் படுக்க வைத்துச் சரிசெய்தார்.

மறுநாள் நானும் படுக்க வைத்தேன். டார்ச் பல்பை எரிக்க அந்தக் காலணாக்களுக்கு அப்போதும் தெம்பில்லை. சரி என்று இரண்டு செம்புக் கம்பிகளையும் உப்புநீர் டம்ளரில் விட்டேன். ஒரு முனையில் ஊசிமுனைக் குமிழ்கள். இன்னொரு முனை மெல்ல மங்கிப் பச்சை கட்டியது. கடைசி பெஞ்சில் பாத்திரக்கடைக்காரர் பையன் ஒருவன். அதுவரை வாயே திறக்காதவன் எழுந்து, "சார், களிம்பு ஏறுது!" என்றான்.