பட்டறை அக்கா பதில்கள்: இன்ஜின் கவருக்கு வண்ணம்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, பானெட்டைத் திறந்தால் கண்ணில் படும் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைப் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் பிடித்த வேலை இது. சின்ன இடம், கையில் தூக்கிப் போகலாம், பட்டி பார்க்க வேண்டியதில்லை. கார் பெயின்டிங் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களிடம் இதிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

அக்கா, என்னிடம் பழைய டீசல் கார் இருக்கிறது. 600 டிகிரி தாங்கும் என்று டின்னில் போட்டிருந்த ஹீட் பெயின்ட் வாங்கி, இன்ஜின் கவருக்குச் சிவப்பு அடித்தேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, தோல் தோலாக உரிகிறது. இதைவிட அதிகச் சூடு தாங்கும் பெயின்ட் எது?
வாசகர், அஸ்தம்பட்டி

தம்பி, சூட்டினால் உரியவில்லை. பெயின்ட் அந்தப் பிளாஸ்டிக்கைப் பிடிக்கவே இல்லை, அதுதான் காரணம். 600 டிகிரி பெயின்ட் சைலன்சருக்கும், இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் உண்டானது. அடித்த பிறகு 200 டிகிரி அளவுக்குச் சூடு ஏறினால்தான் அது முழுசாக இறுகும். மேனிஃபோல்டில் அடித்தால் வண்டி ஓடும்போதே வெந்து இறுகிவிடும். உங்கள் கவர் அந்தச் சூட்டைப் பார்க்கப்போவதே இல்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஓடுவது 90 டிகிரியை ஒட்டித்தான், கவரின் மேற்பரப்பும் பெரும்பாலும் அதை ஒட்டியே இருக்கும். அந்த டின் பெயின்ட் அரைவேக்காடாகவே நின்றுபோகும். வீட்டு அவனில் வைத்து வேகவைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாலிபுரோப்பிலீன் 160 டிகிரியிலும் நைலான் 6 என்பது 220 டிகிரியிலும் உருகும். அதற்கு வெகு முன்பே கவர் கோணிவிடும், அப்புறம் கிளிப்பில் உட்காராது.

முதலில் கவரைக் கழற்றித் திருப்புங்கள். உள்பக்கம் எங்காவது ஒரு மூலையில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே சின்ன ஆங்கில எழுத்துகள் இருக்கும். ‘பி.ஏ.’ என்று தொடங்கினால் நைலான். பக்கத்தில் ‘ஜி.எஃப்.30’ என்று இருந்தால் அதில் 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்திருக்கிறது. ‘பி.பி.’ என்றால் பாலிபுரோப்பிலீன். தண்ணீரில் போட்டு மிதந்தால் பி.பி., முங்கினால் நைலான் என்று பட்டறைகளில் ஒரு கணக்கு உண்டு. டால்க் என்ற கனிமத் தூள் கலந்த பி.பி.யும் முங்கும், அதனால் எழுத்தையே நம்புங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எந்தப் பிளாஸ்டிக் என்பதுதான் உங்கள் வேலை நிற்குமா உரியுமா என்பதைத் தீர்மானிக்கிறது. நிறமோ பிராண்டோ அடுத்தபடிதான். பி.பி. எதையும் ஒட்டவிடாத பிளாஸ்டிக். அதன்மேல் பெயின்டுக்கு அடியில் போடும் சாதாரண பிரைமர் அடித்தால் நகத்தால் கீறினாலே ரிப்பன் மாதிரி வந்துவிடும். அதற்கு முதலில் ‘அட்ஹீஷன் ப்ரோமோட்டர்’ வேண்டும். பெயின்ட் கடையில் ‘பம்பருக்கு அடிக்கும் பிளாஸ்டிக் பிரைமர்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். பி.பி.க்கு ஆகுமா என்று டின்னில் ஒருமுறை பார்த்து வாங்குங்கள். நைலானுக்கு இவ்வளவு பாடு இல்லை. நன்றாகத் தேய்த்துவிட்டு எபாக்ஸி பிரைமர் போட்டால் பிடித்துக்கொள்ளும்.

இப்போது இருக்கும் சிவப்பைப் பெயின்ட் ரிமூவர் ஊற்றி எடுக்காதீர்கள், பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும். உரிந்த வரை சுரண்டிவிட்டு மீதியை 320 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டே தேய்த்து எடுங்கள். கண்ணாடி இழை கலந்த கவர் என்றால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது, தூள் தோலில் பட்டால் பகல் முழுக்க அரிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மூலைமுடுக்குகளில் பேப்பர் போகாது, அங்கே பாத்திரம் துலக்கும் பச்சை நார் நல்லது.

அப்புறம் கழுவுவது. பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டுப் பிரஷால் தேயுங்கள், வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். வாட்டர் வாஷ் கடையில் இன்ஜின் மேல் பளபளப்புக்கு ஏதாவது ஸ்ப்ரே அடித்திருந்தால் இதை இரண்டு முறை செய்யுங்கள். அதில் சிலிக்கோன் இருக்கும். துளி மிச்சம் இருந்தாலும் பெயின்ட் விலகி வட்ட வட்டமாகக் குழி விழும். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, துடைப்பதற்கு முன் கவர் மேல் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவி நின்றால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள்.

ப்ரோமோட்டரை மெல்லிசாக அடித்து, டின்னில் சொன்ன நேரத்துக்குள் அடுத்த கோட்டுக்குப் போய்விட வேண்டும். பெரும்பாலும் அது நிமிடக் கணக்குதான். டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனால் பிடிப்பு போய்விடும். மேலே சாதாரண கார் பெயின்டே போதும், அதற்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் கட்டாயம். ஸ்ப்ரே டின்னை 25, 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து மெல்லிய கோட்டுகளாக அடியுங்கள். சேலத்து ஏப்ரல் வெயிலில் மத்தியானம் அடிக்காதீர்கள். துளி கவரைத் தொடும் முன்பே காய்ந்து, மேற்பரப்பு மணல் போல சொரசொரப்பாகிவிடும். காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். ஸ்ப்ரே கன் வைத்து அடிப்பவர்கள் மெதுவாகக் காயும் தின்னர் கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் மலைமேல் இருக்கிறோம். வீட்டு வாசலில் வைத்துக் கறுப்பு லேக்கர் அடித்தேன். காய்ந்ததும் பால் ஊற்றினது போல வெள்ளை பூத்துவிட்டது. டின் காலாவதியாகிவிட்டதா?
வாசகர், நாகலூர், ஏற்காடு

டின் மேல் குற்றமில்லை. பனிமூட்டம்தான். தின்னர் ஆவியாகும்போது அந்த மேற்பரப்பு சட்டென்று குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் பெயின்ட் மேலேயே படிந்துவிடும், அதுதான் வெள்ளை. 1,500 மீட்டர் உயரத்தில், காபித் தோட்டத்துக்கு நடுவில், மூடுபனி வாசலுக்கே வரும் ஊரில் இது நடக்கத்தான் செய்யும். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அன்றைக்கு டின்னை எடுக்கவே வேண்டாம் என்பது பெயின்டர்கள் பின்பற்றும் அளவு.

லேசான வெள்ளை என்றால், வெயில் நன்றாக அடிக்கும் ஒரு நாளில் மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டர் தின்னரைப் பூப்போல ஒரு கோட் அடியுங்கள், மேற்பரப்பு இளகி ஈரம் வெளியேறிவிடும். அடர்ந்த வெள்ளை என்றால் தேய்த்துவிட்டு மறுபடிதான். ஆனால் என் யோசனை வேறு. கார் மலையிலேயே இருக்கட்டும், கவரை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கீழே வாருங்கள். அடிவாரத்திலோ கன்னங்குறிச்சியிலோ சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடி போதும். காலையில் அடித்தால் சாயங்காலம் கையால் தொடும் அளவுக்குக் காய்ந்துவிடும். கவர் இல்லாமல் கார் ஓடலாமா என்று கேட்பீர்கள். வெறும் மூடி என்றால் சில நாள் ஓடலாம், சத்தம் கொஞ்சம் கூடும். சில கார்களில் ஏர் ஃபில்டர் பெட்டியே அந்த மூடியோடு சேர்ந்தது. அப்படியானால் கழற்றிவிட்டு ஓட்டவே கூடாது, காற்று போகும் உள்பக்கத்தில் பெயின்ட் படவும் கூடாது. உரிந்தால் சில்லு நேரே இன்ஜினுக்குள் போகும்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்துவிட்டு உடனே வண்டியை அணைத்தால், காற்றும் நிற்கிறது, கூலன்ட் ஓட்டமும் நிற்கிறது. இன்ஜினின் சூடு மேலே எழும்பிக் கவரில் தங்கும். ஓடும்போது இருந்ததைவிட அந்தச் சில நிமிடம்தான் கவருக்கு அதிகச் சூடு. அதனால் புதுப் பெயின்ட் முழுசாக இறுக ஒரு வாரம் விட்டுவிட்டுப் பிறகு மாட்டுங்கள். மாட்டுவதும் காலைக் குளிரில் வேண்டாம். குளிர்ந்த பிளாஸ்டிக் முறுக்கினால் விரிசல் விடும், பழைய கவர் என்றால் மாட்டும் காதே உடைந்துவிடும். கழற்றும்போது நேராக மேலே இழுங்கள், ஒரு பக்கமாக நெம்பாதீர்கள்.

அக்கா, எங்கள் குடும்பம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுத் தொழில். வெள்ளி முலாம் போடும் தொட்டி வீட்டிலேயே இருக்கிறது. காரின் இன்ஜின் கவருக்கு அதிலேயே முலாம் போட்டுப் பளிச்சென்று ஆக்க முடியுமா?
வாசகி, செவ்வாய்ப்பேட்டை

ஆசை எனக்கே தொற்றிக்கொண்டது கண்ணு, ஆனால் முடியாது. முலாம் ஏற வேண்டுமானால் பொருளில் மின்சாரம் பாய வேண்டும். பிளாஸ்டிக்கில் பாயாது. கார் கம்பெனிகள் கிரில்லுக்கும் லோகோவுக்கும் குரோம் போடுவது பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கில். அதிலுள்ள ரப்பர் துகள்களை அமிலத்தில் அரித்தெடுத்து, நுண்ணிய குழிகள் உண்டாக்கி, மின்சாரம் இல்லாமலே முதலில் நிக்கலோ செம்போ படியவைத்து, அதற்குமேல்தான் முலாம். அந்த அமிலக் குளியல் வீட்டில் வைத்துக்கொள்ளும் சரக்கு இல்லை. உங்கள் கவர் ஏ.பி.எஸ்.ஸாக இருப்பதற்கும் வாய்ப்பு குறைவு.

குரோம் மாதிரி தெரியும் ஸ்ப்ரே டின்னும் பெரும்பாலும் ஏமாற்றம்தான். அடித்தபோது கண்ணாடி போல இருக்கும், மேலே கிளியர் கோட் போட்டதும் சாம்பல் நிறமாகிவிடும். கிளியர் போடாவிட்டால் விரல் பட்டே மங்கும். உங்கள் வீட்டுத் தொழில் தெரிய வேண்டுமென்றால் வேறு வழி சொல்கிறேன். கவரில் புடைத்து நிற்கும் எழுத்துகளை மட்டும் வெள்ளியாக்குங்கள். முதலில் கவர் முழுவதும் வெள்ளி நிறம் அடித்து நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் கறுப்பு. அதுவும் காய்ந்ததும் ஒரு தட்டையான மரக்கட்டையில் 1000 பேப்பரைச் சுற்றி, எழுத்தின் தலையை மட்டும் தண்ணீரில் தேயுங்கள். கறுப்பு போய் வெள்ளி தானே வெளியே வரும். பிரஷ் பிடித்து எழுதினால் இந்த ஓரச் சுத்தம் வராது. கொலுசில் பொடி வேலை பார்க்கிற கை உங்கள் வீட்டில் இருக்கிறது, அழகாகச் செய்வார்கள்.

என் மகன் இன்ஜினியரிங் மாணவன். கவர், மூடிகள், தொட்டிகள் என்று பானெட்டுக்குள் இருப்பதை எல்லாம் ஆரஞ்சு நிறமாக்கப் போகிறேன் என்கிறான். அறைக்குள் வைத்து அடிக்கப் போகிறானாம். தடுக்கலாமா, விடலாமா?
ஒரு தாய், சூரமங்கலம்

விடுங்கம்மா. கைவேலை பழகட்டும். ஆனால் எதைத் தொடக் கூடாது என்பதை நீங்கள் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கூலன்ட் தொட்டியும் பிரேக் ஆயில் தொட்டியும் அரைகுறையாக ஊடு தெரியும்படி செய்யப்பட்டிருப்பது அளவு வெளியிலிருந்தே தெரிவதற்காக. அதில் பெயின்ட் அடித்தால் அளவு குறைவது தெரியாமல் போகும். மேலும் பிரேக் ஆயில் ஒரு சொட்டு சிந்தினால் பெயின்ட் நிமிடத்தில் ஊறி உரியும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியின் கைப்பிடி, வைப்பர் தண்ணீர் மூடி, ரேடியேட்டர் மூடி, எச்சரிக்கை ஸ்டிக்கர் எதுவும் நிறம் மாறக் கூடாது. அவசரத்தில் புது மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் திறந்தால் அந்த நிறங்களைப் பார்த்துத்தான் கை வைப்பார். பெல்ட், ரப்பர் குழாய், வயர் இவற்றில் தூசிபோல் படிந்தாலும் ஆகாது.

ஹைபிரிட் கார் என்றால் ஆரஞ்சு வேண்டவே வேண்டாம். உயர் மின்னழுத்தக் கேபிளுக்கு உலகம் முழுக்க ஆரஞ்சு நிறம்தான் அடையாளம். அதைச் சுற்றி எல்லாமே ஆரஞ்சாக இருந்தால் ஆபத்து எது என்று யாருக்கும் தெரியாது. தம்பியைப் பச்சையோ நீலமோ யோசிக்கச் சொல்லுங்கள்.

கவருக்கு அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சையும் பிய்க்க வேண்டாம். டீசல் இன்ஜினின் டக டக சத்தத்தை உறிஞ்சுவது அதுதான். ஆயிலோ டீசலோ குடித்து ஊறிப்போயிருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள், தீப்பிடிக்கும் சரக்கு அது. காரில் உள்ள கவரில் கை வைக்கப் பயமாக இருந்தால் பழைய வண்டி உடைக்கும் கடையில் அதே மாடலுக்கு இன்னொரு கவர் வாங்கி அதில் பழகட்டும், கம்பெனி கவர் அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும்.

அறைக்குள் அடிப்பதற்கு மட்டும் நான் ஒப்பமாட்டேன். குறிப்பாக ‘டூ கே’ கிளியர் டின் வாங்கியிருந்தால். அடியில் இருக்கும் ஊசியைக் குத்தினால் பெயின்டை இறுகவைக்கும் ஹார்ட்னர் உள்ளேயே கலக்கும் வகை அது. அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரும், ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் அப்புறம் துளி வாடைக்கே மூச்சு முட்டும். துணி மாஸ்க், தூசி மாஸ்க் இதைத் தடுக்காது. எங்கள் பட்டறையில் சரியான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இல்லாமல் யாரையும் கன் தொடவிடுவதில்லை, அப்பா காலத்தில் இந்த வழக்கம் இல்லாததால் இருமிக்கொண்டே வாழ்ந்த பெயின்டர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். மகனிடம் மாஸ்க் இல்லையென்றால் ஹார்ட்னர் இல்லாத சாதாரண கிளியர் போதும் என்று சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் மங்கும், அவ்வளவுதான். அதையும் மொட்டை மாடியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று அடிக்கட்டும். அடுப்பு எரியும் இடத்துக்குப் பக்கத்தில் டின் போகவே கூடாது.

கவர் நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்ல வேண்டுமா?
வாசகர், ஓமலூர்

வேண்டாம். காரின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பதிவாவது வெளி நிறம். அதை மாற்றினால்தான் சொல்லிப் பதிவு மாற்ற வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பேசுவது ஆர்.சி.யில் உள்ள விவரங்களைப் பற்றி, இன்ஜின் கவர் அதில் வராது. இன்ஜின் நம்பர், சேஸி நம்பர் பொறித்த இடங்களில் மட்டும் பெயின்ட் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கவரைக் கழற்றிக் கீழே வைத்து அடித்தால் அந்தக் கவலையும் இல்லை.