எடிட்டர் திணறுகிறதா? காசு கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில், நிரல் எழுத விஎஸ் கோடு எடிட்டரைப் பயன்படுத்துகிறேன். பெரிய புராஜெக்டைத் திறந்தால் டைப் செய்த எழுத்தே தாமதமாகத்தான் திரையில் வருகிறது. சப்லைம் டெக்ஸ்ட் என்ற வேறு எடிட்டருக்கு லைசென்ஸ் வாங்கலாமா, இல்லை ரேமைக் கூட்டலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஹெல்ப் மெனுவில் 'ஓப்பன் பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்' இருக்கும், அதைத் திறங்கள். எந்தப் பிராசஸ் எவ்வளவு சிபியு, எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். நீங்கள் எதையும் தொடாதபோதும் 'எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட்' வரியில் சிபியு இறங்காமலே நின்றால், கோளாறு ஏதோ ஓர் எக்ஸ்டென்ஷனில்தான் (எடிட்டரில் கூடுதலாக நிறுவும் துணை நிரல்).

எது என்று கண்டுபிடிக்க, எஃப்1 அழுத்தி 'ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' என்று தேடி ஓடவிடுங்கள். எக்ஸ்டென்ஷன்களைப் பாதிப் பாதியாக நிறுத்திவிட்டு, 'இப்போது சரியாகிவிட்டதா?' என்று ஒவ்வொரு சுற்றிலும் கேட்கும். 30 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஐந்தாறு சுற்றில் பிடிபட்டுவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பெரிய புராஜெக்டைத் திறந்து, கொஞ்ச நேரம் டைப் செய்து பார்த்த பிறகே பதில் சொல்லுங்கள். அவசரப்பட்டால் தவறான எக்ஸ்டென்ஷன் மாட்டிக்கொள்ளும். பிடிபட்டதை நீக்கவும் வேண்டியதில்லை, அந்தப் புராஜெக்டின் வொர்க்ஸ்பேஸுக்கு மட்டும் டிசேபிள் செய்தால் போதும்.

எக்ஸ்டென்ஷன் மேல் தவறு இல்லையென்றால், அடுத்த சந்தேகம் கோப்புக் கண்காணிப்பு. பில்டு வெளியீடு, லாக், டேட்டா என்று ஆயிரக்கணக்கில் கோப்புகள் மாறிக்கொண்டே இருக்கும் ஃபோல்டர்களை எடிட்டர் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் 'வாட்ச்சர் எக்ஸ்க்ளூட்' என்று தேடி அவற்றைச் சேருங்கள். ஃபோல்டர் பெயருக்கு முன்னால் இரட்டை நட்சத்திரமும் சாய்கோடும், பின்னால் சாய்கோடும் இரட்டை நட்சத்திரமும் வர வேண்டும். முன்னால் உள்ளதை விட்டுவிட்டால் உள்ளே புதைந்திருக்கும் அதே பெயர் ஃபோல்டர்கள் தப்பிவிடும். 'சர்ச் எக்ஸ்க்ளூட்' பட்டியலிலும் இவற்றைச் சேர்த்தால் தேடலும் வேகமாகும்.

சப்லைம் உண்மையிலேயே இலகுவானது. பெரிய லாக் கோப்பைத் திறந்து பார்த்தாலே தெரியும். ஆனால் தானாக நிரப்புதல், பிழைக் கோடு எல்லாம் வேண்டுமென்று அதில் எல்எஸ்பி பேக்கேஜைப் போட்டால், பெரும்பாலும் அதே லாங்குவேஜ் சர்வர்தான் (நிரலை அலசி இவற்றைத் தரும் பின்னணி மென்பொருள்) அங்கேயும் ஓடும், மெமரியையும் அதே அளவுக்கு எடுக்கும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சோதனைப் பதிப்புக்குக் காலக்கெடு இல்லை என்பதால், உங்கள் சொந்தப் புராஜெக்டிலேயே போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். இத்தனைக்கும் பிறகு மெமரி நிரம்பி வழிந்தால் ரேம் வாங்குங்கள். அதற்கு முன் ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள். அப்படியென்றால் மாற்ற முடியாது.

கேள்வி: ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனத்தின் ஐடிஇ-க்கு (நிரல் எழுதும் முழுமையான மென்பொருள்) சந்தா கட்டுகிறேன். நிறுத்திவிட்டால் மென்பொருள் வேலை செய்யாதா?

பதில்: ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டியிருந்தாலோ, மாதாமாதம் விடாமல் 12 மாதம் கட்டியிருந்தாலோ, ஒரு பதிப்பு நிரந்தரமாக உங்களுக்குக் கிடைக்கும். ஆனால் அது அந்த 12 மாதம் தொடங்கியபோது வெளிவந்திருந்த பதிப்பு. அதாவது, நிறுத்தும் நாளில் கையில் உள்ளதை எடுத்துவிட்டு ஓராண்டு பழையதை நிறுவ வேண்டியிருக்கும். மாதாமாதம் கட்டுபவர் 11-ஆம் மாதம் நிறுத்தினால் அதுவும் இல்லை. நிறுத்துவதென்றால் ஒரு மாதம் பொறுத்து நிறுத்துங்கள்.

ஜெட்பிரெய்ன்ஸின் வெப்ஸ்டார்ம், ரைடர் ஐடிஇ-கள் இரண்டும் 2024 அக்டோபரிலிருந்து வணிகம் சாராத பயன்பாட்டுக்கு இலவசம். கற்றுக்கொள்வதற்கும் பொழுதுபோக்குப் புராஜெக்டுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கிளையண்டுக்குச் செய்து காசு வாங்கினால் அது வணிகம், கட்டண லைசென்ஸ்தான் வேண்டும்.

கேள்வி: விஎஸ் கோடிலிருந்து பிரிந்த வேறோர் எடிட்டருக்கு மாறினேன். பைத்தானுக்கான பைலான்ஸ் எக்ஸ்டென்ஷனைக் காணோமே?

பதில்: விஎஸ் கோடின் மூலநிரல் எம்ஐடி லைசென்ஸில் (யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம்) திறந்தது. பைலான்ஸ், ரிமோட் எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கணினியில் வேலை செய்ய உதவுவது) போன்ற எக்ஸ்டென்ஷன்களின் லைசென்ஸோ மைக்ரோசாஃப்ட் தயாரிப்புகளில் மட்டும் பயன்படுத்தவே அனுமதிக்கிறது. அதனால் பிரிந்த எடிட்டர்களில் பல, ஓப்பன் விஎஸ்எக்ஸ் என்ற வேறு தொகுப்பிலிருந்தே எக்ஸ்டென்ஷன் எடுக்கின்றன. பைத்தானுக்கு பைரைட் அல்லது பேஸ்டுபைரைட் போட்டுக்கொள்ளுங்கள். இனி எந்த எடிட்டருக்கும் ஆண்டுச் சந்தா கட்டும் முன், உங்களுக்கு அன்றாடம் தேவையான எக்ஸ்டென்ஷன் ஒவ்வொன்றும் அதில் நிறுவ வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.